இந்துவின் போன் கேட்ட கேள்விகள்

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது. என் வீட்டுப் பேனாவை உதறி உதறித்தான் எழுத வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நின்றுபோகும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சார் தானே மலையாளத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்குத் தமிழில் எழுத வரும். கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். நீங்களும் அவசரமில்லை, நடந்ததை நடந்தபடி எழுது என்று சொல்லிவிட்டீர்கள்.

என் பெயர் பெரியமுத்து. ஏலப்பாறைக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டில் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற வேலை. என் மனைவி அழகுத்தாய் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். போன வெள்ளிக்கிழமை இறந்துபோனாள். அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சாட்சரதா என்கிற எழுத்தறிவு வகுப்பில்தான் எழுத்துப் படித்தேன். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, பென்சிலைப் பிடித்தால் நடுங்கும். அழகுத்தாயையும் கூப்பிட்டேன். "வீட்டுக்கு ஒரு ஆளு படிச்சாப் போதும். நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள். அப்படியே நடந்தது. பஸ் போர்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் நான் வாசித்தேன், அவள் கேட்டுக்கொண்டாள்.

என் மகள் செல்வலட்சுமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவள்தான் எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, கேள்வி எழுதினால் பதில் எழுதுகிற மிஷின் ஒன்றை அதில் போட்டுத் தந்தாள். போனில் அதன் படம் சிவப்பு வட்டமாக இருக்கும். தமிழிலேயே பதில் சொல்லும். லயத்தில் அப்போது வேறு யாரிடமும் அது இல்லை. லயம் என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல வீடு. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டுக்குக் கேட்கும். சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் என் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். ஆட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது, அண்ணாச்சி, கேட்டுச் சொல்லுங்க. பென்ஷனுக்கு எந்த ஆபீசுக்குப் போகணும், கேட்டுச் சொல்லுங்க. நான் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடிப்பேன். பதில் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். அவ்வளவு நேரமும் லயமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை, சார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஆசைக்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிறகு மாதத்துக்கு ஒரு மிஷின் வர ஆரம்பித்தது. போன மாதத்து மிஷினைவிட இது கெட்டிக்காரன் என்று ஒவ்வொன்றுக்கும் விளம்பரம். இலவசம் என்றார்கள். எலெக்‌ஷன் நேரத்தில் கட்சி பிரிகிற மாதிரி லயம் பிரிந்தது. நீலம் நல்லதா, நட்சத்திரம் போட்டது நல்லதா என்று தண்ணீர்ப் பைப்படியில் சண்டை நடந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எந்த மிஷினானாலும் வாசிக்க ஒரு ஆள் வேண்டுமே.

அடுத்த வீட்டில் மாரீஸ்வரன் இருக்கிறான். வாகமண் பார்க்க வருகிற டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். அவன் மனைவி இந்து தன் போனில் ஊதா நிறத்தில் ஒன்றைப் போட்டுவைத்தாள். அது வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லும். எழுத வேண்டாம். வாசிக்கவும் வேண்டாம்.

ஒரு சாயங்காலம் மூக்கம்மாள் என்னிடம் வந்தாள். லயத்திலேயே வயதில் மூத்தவள். காலில் அட்டை கடித்த இடம் ஆறவில்லை என்றாள். நான் அடிக்க ஆரம்பித்தேன். நான் 'அட்டை'யைத் தாண்டுவதற்குள் அடுத்த வாசலில் இந்துவின் போன் முழுப் பதிலையும் சொல்லிவிட்டது. வெந்நீரில் கழுவச் சொன்னது, சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று விசாரித்தது.

"ஏலே முத்து," என்றாள் மூக்கம்மாள், "நீ எழுதி முடிக்குறதுக்குள்ள எனக்குப் புண்ணே ஆறிப்போவும்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அழகுத்தாயும் சிரித்தாள். சிரிப்பு வருகிற பேச்சுத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வாசலுக்கு யாரும் வரவில்லை. அழகுத்தாயே இந்துவின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொல்லுவாள். "ஏங்க, அது என்னய அழகுத்தாய் அக்கான்னு பேரு சொல்லிக் கூப்பிடுதுங்க. உங்க மிஷினு கோர்ட்டு நோட்டீசு மாதிரில்ல இருக்கு."

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சத்தம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

இந்த மழைக்கு எஸ்டேட்டில் ஓடை தூர் வாருகிற வேலைக்குப் பெண்களையும் விட்டார்கள். அழகுத்தாய் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் குதிகாலில் எப்போதும் வெடிப்பு. அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு நாலு நாள் கொழுந்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினாள். கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து என் மிஷினுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஓடை, குதிகால், கெண்டைக்கால், கண், மூத்திரம் பால் விடாத கட்டன் டீ நிறத்தில் போவது, ஒன்றையும் விடவில்லை. அது எழுதியது: இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். தள்ளினால் கிட்னி கெட்டுப்போகும், உயிருக்கு ஆபத்து. இரண்டு தடவை வாசித்தேன். புரிந்தது.

"என்ன சொல்லுது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"என் மிஷினு எதுக்கு? இந்துகிட்டயே கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். "கோவம் போயிட்டாக்கும்?" என்று அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். நான் போர்வையை இழுத்துவிட்டுப் போனேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளைக்கு முடியவில்லை என்றால் வீட்டுக்காரன்தான் போய்ச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்திலும் அவன்தான் சொல்லுவான், டிஸ்பென்சரியிலும் அவன்தான் சொல்லுவான். அதனால் இந்துவின் வாசலில் நான் தனியாகப் போய் நின்றதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. மூக்கம்மாள் இருந்தாள், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். இந்து போனை என் வாய்க்கு நேரே பிடித்தாள். காய்ச்சல், உடம்பு அசதி என்றேன்.

அந்த மிஷின் திருப்பிக் கேட்டது. தேங்கிய தண்ணீரில் வேலை செய்தாரா என்றது. இல்லை என்றேன். ஓடை வேலைக்கு வேறு வேறு கூட்டமாகத்தான் விட்டார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. கெண்டைக்கால் வலிக்கிறதா என்றது. இல்லை என்றேன். கண் மஞ்சளாக இருக்கிறதா என்றது.

"இல்லை."

"மாமா, நல்லாப் பாத்தீகளா?" என்றாள் இந்து. "நான் வேணா ஒரு எட்டு வந்து பாக்கட்டா?"

"அவ தூங்குதா. எழுப்பாத தாயி" என்றேன்.

சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம், கஞ்சி கொடுங்கள், ஓய்வு எடுக்கட்டும், கண் மஞ்சளானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அது சொன்னது. எல்லோரும் கேட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இந்துவின் மிஷின் ஒரு தடவை தப்பாகச் சொல்ல வேண்டும், அதுவும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

கஞ்சி கொடுத்தேன். நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். அவளை நான் ஒருநாளும் பட்டினி போட்டதில்லை, அடித்ததில்லை. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அதற்குள் நோய் முற்றி எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்போது என் மிஷின் சொன்னதை வாசித்துக் காட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தேன். பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மாரீஸ்வரன் வாசலில் வந்து நின்றான். "மாமா, அத்தை முனகுறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. ஜீப்ப எடுக்கட்டா?"

"ஒம் பொண்டாட்டி மிஷினு ஓய்வு எடுக்கச் சொல்லிச்சேப்பா. அத மீறி என்னத்துக்கு?" என்றேன். அவன் திரும்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் என்னை யாரென்று கேட்டாள். நானே போய் ஜீப்பை எடுக்கச் சொன்னேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். இந்துவின் போன் சொன்னதைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் செய்த மறுநாள் லயத்து ஆட்கள் எல்லோரும் என் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்து தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். போனிலிருந்து அந்த ஊதாவை எடுத்தெறிந்துவிட்டதாகச் சொன்னாள். சரியான நேரம் என்று நினைத்தேன். போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நிறுத்தி நிறுத்தி, எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். பழையபடி எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

திருப்பூரிலிருந்து சாவுக்கு வந்திருந்த செல்வலட்சுமி எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள். அவள் வேகமாக வாசிப்பாள். மேலே தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா, இது செவ்வாக்கெழம வந்த பதிலு."

"ஆமா தாயி. மிஷினு அன்னைக்கே சொல்லிட்டுது, பாத்தியா?" என்றேன்.

அவள் போனைத் திருப்பித் தரவில்லை. பிறகு அந்தப் போனோடுதான் உங்களிடம் வந்தாள். என் மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மிஷின் என்றைக்குச் சொன்னது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி செய்தவள் அவள்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே எழுதுகிறேன். அவள் கண் மஞ்சளாக இருந்தது எனக்குத் தெரியும். தள்ளினால் செத்துப்போகலாம் என்பதை வாசித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தே இந்துவின் போனிடம் இல்லை என்று சொன்னேன். தெரிந்தே மூன்று நாள் வைத்திருந்தேன். கைநாட்டு வேண்டாம், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, சார். என் போன் உங்கள் மேசையில் சும்மா கிடக்கிறது. அவ்வப்போது சார்ஜ் போட்டு வையுங்கள். நான் திரும்பி வந்ததும் லயத்தில் கேட்க வருவார்கள்.