பத்து நாள் பார்க்க வேண்டிய நாய்

ஹலோ… ஆமாங்க, பெரியநாயகிதானுங்க… கேக்குதுங்க, நீங்க கத்த வேண்டாம்… சரி… சரிங்க… என்னது, தெருக்கூட்டமே நடக்கலையா? யாருங்க சொன்னது?… இருங்க. இருங்க பாலசுந்தரண்ணா. நடந்துச்சா நடக்கலையான்னு நான் வரிசையாச் சொல்றேன், கேட்டுக்கங்க.

ஞாயித்துக்கிழமை பொழுதோட, தண்ணி டேங்க் மேடையில. மேல் படியில அங்காளம்மாள் அக்கா, முட்டிவலிங்கறதுனால கால நீட்டீட்டு. அதுக்குக் கீழ்ப்படியில நானு. என்ற மடியில என்ற புள்ளை தமிழினி, கட்டுப் போட்ட காலோட. எங்களுக்கு எதுத்தாப்புல மளிகைக்கடை பரக்கத் அலி பாய், கடையில இருந்து ஸ்டூலு எடுத்துட்டு வந்து. உங்க ஊட்டு உஷாராணி அக்கா உக்காரல. உங்க கேட்டுக்கு உள்ளாரயே நின்னாங்க, தாப்பாள்ல கைய வெச்சுட்டு… ஆமாங்க, அதுவும் கூட்டத்துல சேத்திதான். அங்கிருந்தே "சரி, நாய எடுத்தர்றோம்"னாங்க. எல்லாருங் கேட்டோம்.

…பொம்பளைங்க கூட்டமா? பாய் பொம்பளைங்களா?… எங்க ஊட்டுக்காரரு லோடு ஏத்தீட்டு நாக்பூர் போயிருக்காருங்க. அவரு வந்து பேசட்டும்னா, லாரி திரும்பற வரைக்கும் கடிபட்ட காலு காத்துட்டு இருக்குமா?… அம்மிணி கிம்மிணியெல்லாம் வேண்டாங்கண்ணா. பேரு இருக்குது, பேரச் சொல்லியே பேசுங்க.

…ஆமா, கூட்டத்துத் தீர்மானத்த எழுதுனது நாந்தான். தெருவிளக்கு எரியலைன்னு எழுதுனதும் நாந்தான். உங்க போர் போடற ரிக் வண்டிய முக்குல நிறுத்தறதுக்குத் தெருக்காரங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்ததும் இதே கைதான். அன்னைக்கு "முத்து முத்தா எழுதீருக்கற அம்மிணி"ன்னீங்க. இன்னைக்கு என்ற எழுத்து கோணலாப் போச்சுங்களா?

…நாய்னா அப்படித்தான் இருக்கும்… ம்… ஆமாங்க… இதையேதான் அங்காளம்மாள் அக்கா ஆட்டுக்குட்டி செத்தப்பவுஞ் சொன்னீங்க. குட்டிய ஏன் வெளிய உட்டீங்கன்னு கேட்டீங்க. குட்டி அவங்க வாசல்ல கட்டியிருந்துச்சு. உங்க நாய்தான் வெளிய இருந்துச்சு… இல்ல, குறுக்க பேசாதீங்க, நான் முடிச்சர்றேன். கட்டிப்போட்டா வீரம் போயிரும்னு சொன்னது நீங்க. கேட்டத் தொறந்தே வெய்யின்னு உஷாக்காகிட்டச் சொல்லீட்டு நீங்க ரிக்கோட சத்தீஸ்கர் போயிருவீங்க. டர்போ உங்க சொல் ஒண்ணத்தான் கேக்கும்னு நீங்களே பெருமையாச் சொல்லுவீங்க. நீங்க மாசத்துக்கு ஒருக்கா வருவீங்க. மிச்ச நாளு அது யாரு சொல்லக் கேக்கறது?

…என்னங்க?… ஓடுனாளா? யாரு சொன்னாங்க, ஓடுனான்னு? ஓடலைங்க. நாய் வந்தா ஓடக்கூடாது, அசையாம நிக்கணும்னு நாந்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். பால் பாக்கெட்டக் கையில வெச்சுட்டு, நான் சொன்னபடியே நின்னா. நின்ன புள்ளையக் கடிச்சுது.

……

ம். சரி. அதுக்குச் சண்டை போடறதுக்கு நான் உங்களக் கூப்பிடல. நேத்துல இருந்து கூப்பிட்டுட்டே இருக்கறேன், எடுக்கல. நான் கலெக்டருக்கு மனு எழுதறேன்னு உஷாக்கா சொன்னதுக்கப்புறம் நீங்களே கூப்பிடறீங்க. இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். டர்போ எங்க இருக்குது?

…ஆமாங்க. நாந்தான் எழுதுனேன். "மேற்படி நாயைப் பொழுது விடிவதற்குள் இத்தெருவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்" அப்படீன்னு. என்ற வாக்கியந்தான், மறுக்கல. நீங்களும் பொழுது விடியறதுக்குள்ள லோடு ஆட்டோ அனுப்பி ஏத்தீட்டுப் போயிட்டீங்க. அதெல்லாஞ் சரிதான்… சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?

சொல்றேன் கேளுங்க. ரெண்டாவது ஊசிக்குப் போனோம். டாக்டரம்மா கேட்டாங்க, "நாய் எப்படி இருக்குது, பாத்துட்டு இருக்கறீங்களா?"ன்னு. நான் என்னமோ சாதிச்சுட்ட மாதிரி, "தீர்மானம் போட்டுத் தெருவ உட்டே அனுப்பிச்சிட்டோங்க"ன்னேன். அந்தம்மா பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. கடிச்ச நாயப் பத்து நாளு கட்டி வெச்சுப் பாக்கணும், அதுக்கு வெறி ஒண்ணும் வரலைன்னா நமக்கு நிம்மதி, அதைப் போயி அனுப்பீட்டு வந்து நிக்கறயேன்னு கேட்டாங்க. வரிசையில நின்ன அத்தனை பேருந் திரும்பிப் பாத்தாங்க.

…ஊசி போட்டாச் சரியாப் போயிரும், ஆமா. எல்லா ஊசியும் போடுவோம், ஒண்ணு உட மாட்டோம். அதுக்காக வெசனம் இல்லாமப் போயிருங்களா? தமிழினி தம்ளரு எடுத்துத் தண்ணி குடிக்கறப்பெல்லாம் நான் அவ தொண்டையவே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். ஒரு வாய் இறங்குச்சா, அடுத்த வாய் இறங்குச்சான்னு. "ஏம்மா மொறைக்கற?"ங்கறா. அவகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?

…நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்குதா? அட்டை இருக்குதுங்களா?… எங்க வெச்சீங்கன்னு தெரியல… குட்டியா இருக்கறப்பப் போட்டது… அதுக்கப்புறம்?… சரி. உடுங்க.

வாங்க பாய், உக்காருங்க. போன்ல பாலசுந்தரண்ணந்தான். சித்த நேரம் இருங்க, மனு எழுதி முடிஞ்சுது, மடிக்கறதுதான் பாக்கி… ஹலோ. ஆமாங்கண்ணா, பாய் வந்திருக்காரு. திருச்செங்கோடு போறாரு சரக்கெடுக்க. அவருகிட்டக் குடுத்துத் தபால்ல சேக்கலாம்னு… என்னங்க?… திருப்பிச் சொல்லுங்க.

…ஓ.

…மனு போகக்கூடாது. மனு போகலைன்னா நாய் எங்கிருக்குதுன்னு சொல்லுவீங்க… அப்புறம்?… உஷாக்கா கையில ஒரு கடுதாசி குடுக்கணும். என்ற கைப்பட எழுதுனது… ம்… ம்… ஏனுங்கண்ணா, இதை முன்னாலயே யோசிச்சு வெச்சிருந்தீங்களா? ஆட்டுக்குட்டி செத்தப்பக்கூட நாயக் கட்டாதவரு, இதுக்கு மட்டும் விடியறதுக்குள்ள ஆட்டோ அனுப்புனாரேன்னு நானும் நெனச்சேன். நாய் தெருவுல இல்லைன்னா கடிச்சதும் உங்க நாய் இல்ல. நல்லா இருக்குதுங்க. என்ற தீர்மானத்த வெச்சே எனக்குப் பதில் சொல்லீட்டீங்க.

…இல்ல, எழுத மாட்டேன்னு சொல்லலையே. புள்ளையப் பெத்தவ. எழுதறேன். தாளு எடுத்துட்டேன். பாய், நீங்க ஒண்ணும் பேசாதீங்க, தலைய ஆட்டாதீங்க… சொல்லுங்கண்ணா.

"எனது மகள் தமிழினியைக் கடித்தது"… ம்… "தெருநாய்"… "தெருநாய் என்பதை இதன் மூலம்"… எழுதீட்டேன். "திரு. பாலசுந்தரம் அவர்கள் வளர்க்கும் நாய் அல்ல"… தெருநாய்னாலே அதுதானுங்க அர்த்தம்… சரி, தனியாவும் எழுதறேன். அப்புறம்?… "யாருடைய வற்புறுத்தலும் இன்றி"… அதையுமா?… "யாருடைய… வற்புறுத்தலும்… இன்றி." எழுதியாச்சுங்க. இப்படி ஒரு பொய்ய இத்தனை அழகா நான் எழுதுனதே இல்ல.

கையெழுத்துப் போடல… போடலைங்க. நாய் எங்கிருக்குது, அதச் சொல்லுங்க முதல்ல… உங்க மச்சான் கோழிப்பண்ணையில… மோகனூர் பக்கம்… கட்டித்தான் வெச்சிருக்குதா? நல்லாத் திங்குதா? தண்ணி குடிக்குதா?… அப்பாடா… இல்ல, இருங்க. வெறும் வாய்ச்சொல்லுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. இன்னைக்கு எடுத்தது. பக்கத்துல இன்னைக்குப் பேப்பரு வெச்சு… நக்கல் இல்லீங்க. நீங்க போருக்கு இத்தனை அடின்னு சொன்னா, பைப்ப எண்ணிப் பாக்காமக் காசு குடுப்பாங்களா? அதே மாதிரிதான்… சரி, கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்.

……

தமிழினி, கால மடக்காத கண்ணு. கட்டு அவுந்துரும்.

……

பாய், நான் பண்றது தப்புங்களா?… நீங்க பேசாதீங்கன்னு நாந்தான் சொன்னேன், ஆமா. அதுக்காக இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எப்படி?

……

ஆங், சொல்லுங்கண்ணா. நீங்க அனுப்புன போட்டோ வந்துருச்சு. இருங்க, பாக்கறேன்… பேப்பரு இருக்குது. தேதியுந் தெரியுது. உங்க மச்சான் காரியத்துல சுத்தந்தான். கோழித்தீவன மூட்டை, சங்கிலி… கறுப்பு… நல்லா உக்காந்திருக்குது… ம்…

…அண்ணா.

இது யாரு நாயிங்க?

…இல்லீங்க. இது டர்போ இல்லீங்க… நான் எதுக்கு நடிக்கறேன்? காதப் பாருங்க. ரெண்டு காதும் முழுசா இருக்குது. டர்போவுக்கு இடது காது நுனி கிழிஞ்சிருக்கும். மாரியம்மன் நோம்பியப்போ சந்தைப்பக்கத்து நாய்ங்களோட சண்டை போட்டுட்டு வந்துச்சு. உஷாக்காதான் மஞ்சத்தூள் வெச்சு உட்டாங்க. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன்… நீங்க அப்பச் சத்தீஸ்கர்ல இருந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் வந்தப்பவாவது தடவிக் குடுத்தீங்களோ என்னமோ… நல்லாப் பெருசு பண்ணிப் பாருங்க. நெஞ்சுல வெள்ளை இருக்குதா? டர்போவுக்கு ஏது வெள்ளை?

…ஏனுங்கண்ணா, உங்க நாய உங்களுக்கே அடையாளம் தெரியலைங்களே.

எனக்குத் தெரியும். நாள் பூரா எங்க வாசல்லதான கெடந்துச்சு.

…சரி, கேளுங்க. மச்சானக் கூப்பிட்டுக் கேளுங்க. இந்த லைன கட் பண்ணாமக் கேளுங்க. நான் எங்கயும் போகல.

……

……

சொல்லுங்க… ம்… நாமக்கல் தாண்டி… டீக்கடையில நிறுத்தியிருக்காங்க… தண்ணி வெக்கறதுக்குப் பின்கதவத் தொறந்தாங்களா… ம்… குதிச்சு ஓடீருச்சு. எப்பங்க?… அன்னைக்கேவா? ஏத்தீட்டுப் போன அன்னைக்கேவா?… தேடலையா யாரும்?… மச்சான் உங்களுக்குப் பயந்துட்டு, பண்ணை நாயப் புடிச்சு உக்கார வெச்சு… பேப்பரும் வெச்சு…

…அண்ணா?… ஹலோ?… அழுகறீங்களா?

…

அழுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல. என்ற புள்ளை காலுல ரத்தத்தோட உங்க கேட்டப் புடிச்சுட்டு நின்னப்ப, போன்ல "பக்கத்தூட்டுப் புள்ளைக்கு லேசாக் கீறீருச்சாமா"ன்னு கேட்டீங்களாமா. நாய்க்காவது அழுக வருதே. அழுங்க.

…தெருநாய்னு எழுதச் சொன்னீங்க. இப்ப அது நெசமாவே தெருநாய் ஆயிருச்சு. மோகனூர் ரோட்டுல எவ ஊட்டுப் புள்ளை பால் பாக்கெட்டோட நிக்குதோ. அதுக்கும் நல்லாச் சொல்லிக் குடுத்திருப்பாங்க, ஓடாம நில்லு சாமின்னு.

சத்தங் கேக்குதா? கிழிக்கறேன். நீங்க சொன்ன கடுதாசியத்தான்… இல்லீங்க. மனு போகுது… போகுதுங்க… கேசாகும்னா ஆகட்டும். உங்களப் புடிக்கறதுக்காக இல்ல, அந்த நாயப் புடிக்கறதுக்காகப் போகுது. இருங்க, கடைசியில ரெண்டு வரி சேக்கணும். பேசாதீங்க, எழுதறப்பப் பேசாதீங்க.

"பின்குறிப்பு. மேற்படி நாய் நாமக்கல் – மோகனூர் சாலையில் தேநீர்க் கடை ஒன்றின் அருகே வண்டியிலிருந்து தப்பி ஓடிவிட்டதாக அதன் உரிமையாளர் இன்று தொலைபேசியில் தெரிவித்தார். கறுப்பு நிறம். இடது காது நுனி கிழிந்தது." கழுத்துல பட்டை இருந்துச்சுங்களா?… சிவப்பா? உஷாக்கா மாத்திப் பச்சை போட்டாங்க. பச்சைன்னே எழுதறேன். "கழுத்தில் பச்சைப் பட்டை. டர்போ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அப்பகுதிக் குழந்தைகளை எச்சரித்து, நாயைப் பிடித்துக் கண்காணிக்க வேண்டுகிறேன். நாயைக் கட்டாமல் வளர்த்தவர் திரு. பாலசுந்தரம். விசாரிக்காமல் அவசரப்பட்டு அதை அப்புறப்படுத்தச் சொல்லி எழுதியவர் கீழே கையொப்பமிட்டுள்ள நான்."

…ஆமாங்க. என்ற பேரையுஞ் சேத்துத்தான். உங்க பேரு மட்டும் இருந்தா அதுவும் பாதிப் பொய்யாப் போயிரும்.

…உஷாக்காள நான் ஒண்ணும் நெனைக்கல. அவங்க பாவம்… நீங்க மோகனூருக்கு வாரீங்களா? வாங்க. வந்து தேடுங்க. அது உங்க சொல் ஒண்ணத்தான கேக்கும்? ரோட்டுல நின்னு கூப்பிட்டுப் பாருங்க. கெடைச்சா எனக்கொரு வார்த்தை சொல்லுங்க, உசுரோட இருக்குதான்னு. அதுக்கு மேல உங்ககிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

தமிழினி, அடுப்படியில சோத்துப் பாத்திரத்துல இருந்து நாலு பருக்கை… இல்ல, நீ எந்திரிக்காத, நானே எடுத்துக்கறேன்… ஆங், இருக்கறேன் சொல்லுங்க… கோந்து தீந்துருச்சுங்க, அதான்… மடிச்சுட்டேன். ஒட்டீட்டேன். காயட்டும்… நாளைக்கு வரைக்குமெல்லாம் பொறுக்க முடியாதுங்கண்ணா, அந்த நாய் பொறுக்குமா?

பாய், இந்தாங்க. பதிவுத் தபாலுங்க. ரசீது வாங்காம வந்தராதீங்க. சரக்கு அப்புறம் எடுக்கலாம், முதல்ல தபாலாபீசு… ஓரம் இன்னும் ஈரமா இருக்குது, சட்டைப்பையில வெக்காதீங்க, கையிலயே புடிச்சுக்கங்க.

…ஹலோ… இல்லீங்கண்ணா, வண்டிய எடுத்துட்டாரு… நான் கூப்பிட்டாக் கேக்காதுங்க, முக்கு திரும்பீட்டாரு.

வெச்சர்றேன்.