அக்கா ஜெபிக்கவில்லை

ஓடுகிறேன். வள்ளி என் பின்னலைப் பிடித்து இழுக்கிறாள். இடுப்பில் அக்காவின் குழந்தை. பின்னால் இரைச்சல். உப்பளத்து வரப்பு வழுக்குகிறது. விழுகிறேன்.

"ஏந்திரி! தண்ணி வருது, ஓடு!"

மறுபடி பின்னல். மறுபடி ஓட்டம். முழங்காலுக்குத் தண்ணீர். பிறகு இடுப்புக்கு. கறுப்புத் தண்ணீர். சாக்கடை நாற்றம்.

மரக்காணம். 2004 டிசம்பர் 26. ஞாயிறு காலை. ஊருக்கு அது சுனாமி. எங்களுக்கு முதலில் அது போர்.

நாங்கள் இலங்கைத் தமிழர். தொண்ணூறில் படகேறி வந்தவர்கள். அகதி முகாமில் குடியிருப்பு, உப்பளத்தில் கூலி வேலை. வள்ளி இந்த ஊர்க்காரி. என்னோடு உப்பு வாருகிறவள். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஓலைக் கொட்டகை போட்டிருந்தோம். அதுதான் எங்கள் ஜெப வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அங்கே வேதபாடம் எடுப்பாள்.

அன்றைய பாடம் மன்னா. வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த உணவு. அன்றைக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கவேண்டும். நாளைக்கென்று பதுக்கினால் புழு வைக்கும், நாறும். "நாளையான் சோறு ஆண்டவற்ற பொறுப்பு" என்றாள் அக்கா. புருஷன் இல்லாமல் குழந்தையோடு இருந்தவள் அதைச் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

அப்போது சத்தம். கும்மென்று. கடல் பக்கமிருந்து.

இலங்கையில் எங்கள் ஊர்க் கரையில் கடலிலிருந்து அப்படிச் சத்தம் வந்தால் ஒரே பொருள்தான். நேவி ஷெல் அடிக்கிறான், கப்பலிலிருந்து குண்டு. அக்கா குழந்தையை என்னிடம் தள்ளினாள்.

"ஷெல்! விழுந்து படுங்கோ!"

வரப்பின் மறைவுக்கு ஓடிக் குப்புறப் படுத்தோம். பழகிய முறை. வாயைக் கொஞ்சம் திற. இல்லாவிட்டால் செவிப்பறை கிழியும். காதுகளை விரலால் அடை. பதினாலு வருடமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. என் கையில் குழந்தை இருந்தது. அதனால் என் காதுகள் திறந்திருந்தன. வள்ளி கத்திக்கொண்டு ஓடி வந்தது எனக்குக் கேட்டது. காதை அடைத்துப் படுத்தவர்களுக்குக் கேட்கவில்லை.

அக்காவை மறுநாள் உப்புப் பாத்தியில் கண்டோம். விரல்கள் காதில். திறந்த வாய் நிறையச் சேறு. நான்தான் தோண்டி எடுத்தேன். அந்த நாற்றம் இன்னும் என் நகத்தில் இருக்கிறது.

பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். லாரிகளில் பழைய துணி வந்தது. கிழிந்த பாவாடை, கறை பிடித்த உள்ளாடை. யார் வீட்டுக் குப்பையோ. மழையில் நனைந்து குவியலாக நாறியது. அதற்குப் பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டணத்துப் போதகர். வெள்ளைச் சட்டை, வீடியோக்காரன், மைக். வேனுக்குள் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள்.

ஆராதனை முடிந்தபிறகுதான் சோறு என்றார். பாடினோம். வெயில் ஏறியது. குழந்தை அழுது அழுது ஓய்ந்தது. இதற்குள் யாரோ அக்கா கிடந்த கோலத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சகோதரி, உங்க அக்கா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தப்பதான் கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. முகங்குப்புற விழுந்து ஜெபிச்சாங்க. அத மைக்ல சாட்சியா சொல்லுங்க. வெளிநாட்டுல பார்ப்பாங்க. உங்க ஜனத்துக்கு மாசாமாசம் அரிசி வரும்."

மைக்கை வாங்கினேன். எங்கள் சனம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பசி. ஒரு பொய் போதும், மாதாமாதம் அரிசி.

"என்ர அக்கா ஜெபிக்கேல்லை" என்றேன். "ஷெல் எண்டு நினைச்சுப் படுத்தவ. காதுக்க விரல் வைச்சிருந்தவ. தண்ணி வருது எண்டு கத்தினது அவவுக்குக் கேக்கேல்லை."

மைக் அணைந்தது. போதகர் முகம் சுளித்தார். விசுவாசக் குறைவு என்று வீடியோக்காரனிடம் சொன்னார். அது என் காதில் விழட்டும் என்றே சொன்னார். பொட்டலங்களை வேண்டாவெறுப்பாகப் போட்டுவிட்டுப் போனார்கள். பிரித்தோம். காலையில் கட்டியது. சோறு நூல் விட்டிருந்தது. நாய்கூட முகர்ந்துவிட்டு விலகியது. பதுக்கிய மன்னா நாறும் என்று அக்கா சொன்னது கண்ணெதிரே கிடந்தது.

"ஒரு சொல்லுத்தானே பிள்ளை" என்றார் எங்கள் ஆட்களில் ஒரு பெரியவர். "சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஜெபித்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, இன்றைக்கு மட்டும். இந்தக் குழந்தைக்கு மட்டும். அவ்வளவுதான்.

சாயங்காலம் வள்ளி வந்தாள். தலையில் கஞ்சிப் பானை. அவள் வீட்டுச் சுவரும் பாதி விழுந்திருந்தது.

"இன்னாம்மா, கொழந்தைக்கு எதுனா குடுத்தியா? மொதல்ல இத ஊட்டு. மிச்சத்த எல்லாருக்கும் ஊத்து."

யாரையும் பாடச் சொல்லவில்லை. அந்தப் பெரியவரும் குடித்தார். அடுத்த நாளும் வந்தாள். அன்றன்றைக்கு இருந்ததைக் கொண்டுவந்தாள்.

2006. இலங்கையில் மறுபடி சண்டை. முகாமுக்குப் புதிய ஆட்கள் வருகிறார்கள். கல்யாண வீட்டு வெடிக்கு நடுத்தெருவில் குப்புற விழுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் வேதபாடம் எடுக்கிறேன். முதலில் கஞ்சி. பிறகுதான் வேதம். அதற்கும் பிறகு இதைச் சொல்கிறேன்: இந்தக் கடல் இரைந்தால் படுக்காதீர்கள். காதை அடைக்காதீர்கள். ஓடுங்கள்.

அந்தப் போதகர் இன்னும் கூட்டங்களில் அக்கா கதையைச் சொல்கிறாராம். ஜெபித்தபடி மரித்தாள் என்று. மேடையில் கண்ணீர் வேறு. அவருக்காகக் கடவுளை வெறுக்க மட்டும் எனக்கு மனமில்லை. எனக்குச் சோறு போட்டவர் கடவுள். வள்ளியின் பானையில் போட்டார்.

இழந்தது: ஓலைக் கொட்டகை. அக்காவின் வேதாகமம். ஐந்து பேர். அக்கா. முகாமில் பக்கத்து அறைத் தாயும் மகளும். பாட்டுக்குத் தாளம் போடுகிற தாத்தா. அன்று முதல்முறையாக ஜெபத்துக்கு வந்த பெண். அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. ஐந்து பேரும் காதில் விரல் வைத்திருந்தார்கள். ஒருவர் கையும் கூப்பியிருக்கவில்லை.