மேட்டு மூலையில் மூன்று சென்ட்

இன்று 1986 ஜூன் 15, ஞாயிறு, மாலை ஐந்தே முக்கால். என் முன்னே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணிவிட்டேன், சிவில் டிப்ளமா படித்தவன் புத்தி அப்படி!

தலைமை தாங்கும் பரசுராமன் ஐயா அவர்களே, பெரியோர்களே, காலிக் குடத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, தேர்தலில் என்னை எதிர்த்து நின்ற ஆதிமூலம் மாமா அவர்களே! உங்கள் ஊராட்சித் தலைவன் ராமகிருஷ்ணனின் வணக்கம்.

மலையை வலம் வந்தால் புண்ணியம். அலுவலகத்தை வலம் வந்தால்? என்னம்மா, 'செருப்பு தேயும்'னா? சரியாகச் சொன்னீர்கள்!

குடிநீர்த் தொட்டி கேட்டு, வெள்ளிக்கிழமை சண்டைபோடத்தான் வேலூர் போனேன். பொறியாளர் இரண்டு மனுக்களை எடுத்துப் போட்டார். தொட்டி ஊருக்குள் வேண்டுமென்று ஒன்று, காலனியில் வேண்டுமென்று ஒன்று. "ரெண்டும் உன் ஊருதானேப்பா? திங்கக்கெழம வரேன். ஒரே எடத்தைக் காட்டு. இல்லன்னா தொட்டி வேற ஊருக்குப் போயிடும்" என்றார்.

மாநிலம் தொட்டி தருகிறது. ஒன்றியம் குழாய் தருகிறது. மின்வாரியம் கம்பி இழுக்கிறது. நாம் என்ன தருகிறோம்? மனுவா? மறியலா? மண் தர வேண்டாமா?

ஊர் முழுக்க மேடு பள்ளம் அளந்து மட்டம் பார்த்துவிட்டேன். இரு பக்கமும் தண்ணீர் பாய ஒரே இடம், ஆதிமூலம் மாமாவின் வேர்க்கடலைக் கொல்லையின் மேட்டு மூலை. மூன்று சென்ட். தண்ணீருக்குச் சாதி தெரியாது; சரிவு தெரியும்!

என்ன சந்திரம்மாள் அக்கா? "காலனிக்கு அப்புறமாதான் வுடுவீங்களா?" இல்லை. ஒரே நாள், ஒரே நேரம்.

மாமா, நேற்று வீட்டுக்கு வந்தேன். "ஓட்டு கேக்க வராதவன், நெலம் கேக்க வந்துட்டியா?" என்றீர்கள். ஆமாம், வந்தேன். இன்று ஊரோடு வந்து கேட்கிறேன். முடியாதென்றால் இங்கேயே சொல்லுங்கள். நாளை வரும் பொறியாளரைத் திருப்பி அனுப்புகிறேன்.

எழுந்துவிட்டாரே! மைக்கில் சொல்லுங்கள் மாமா... "எடுத்துக்கடா. ஆனா என் மாடுங்களுக்கும் ஒரு தொட்டி கட்டணும். ஜாஸ்தி கேக்கல." கேட்டீர்களா? கட்டுகிறேன் மாமா, கட்டுகிறேன்! கை தட்டுங்கள், எனக்கல்ல, அவருக்கு!

இனி என் வேலை:

1. இப்போதே, மாமா மனம் மாறுவதற்குள், பரசுராமன் ஐயா முன்னிலையில் சம்மதக் கையெழுத்து.
2. நாளை பொறியாளரை மாமாவே மேட்டுக்கு அழைத்துப் போவார். நான் டேப் பிடிப்பேன்.
3. செவ்வாயன்று சந்திரம்மாள் அக்காவோடு ஒன்றிய அலுவலகம். இரு பக்கக் குழாயும் ஒரே வரைபடத்தில்.
4. மாட்டுத் தொட்டி, ஊராட்சிச் செலவில்.
5. ஊரிலும் காலனியிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கும்வரை எனக்கு மாலை வேண்டாம். வந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!