ஆடியில் கைமாறிய பந்தல் கடை

2019 ஜூலை 29, திங்கள், காலை 9.40. மேகம் இருந்தது, மழை இல்லை. ஆடிக்காற்று ஜன்னல்களை ஆட்டியது. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், சின்னசேலத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடைக்காரரும் அவர் மனைவியும்.

“நாளையிலேர்ந்து நம்ம கடைக்கு நாம வாடிக்கைக்காரங்க” என்றார் அவர்.

அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவியைப் பிடித்துக்கொண்டார். “ஆடி மாசத்துல யாராச்சும் கடைய கைமாத்துவாங்களா? அதுவும் வேல செய்யற மூணு பேருக்கு?”

“ஆடியிலதான் கொடுக்கணும். தையில யார் வேணா ஓட்டுவாங்க. இவனுங்க கல்யாணமே இல்லாத மாசத்துல கடைய தொறந்து, கிழிஞ்ச பந்தல் துணிய தைச்சுக்கினு இருக்கானுங்க.”

“மருமவன் கேட்டாரே.”

“அவுரு விக்கறதுக்குக் கேக்கறாரு. இவனுங்க நடத்தறதுக்குக் கேக்கறானுங்க.”

“பணம்?”

“முகூர்த்த மாசத்துல வர்றதுல பாதி, அஞ்சு வருஷத்துக்கு. ஆடி, மார்கழியில கேக்க மாட்டேன்.”

“கொடுக்கலன்னா இன்னா பண்ணுவீங்க? அண்டாவ தூக்கினு வூட்டுக்கு வருவீங்களா?”

“கொடுப்பானுங்க. இத்தினி வருஷத்துல ஒரு கரண்டி கொறைஞ்சதில்ல.”

என் நிறுத்தம் வந்தது. சாவி இன்னும் அந்த அம்மாளிடமே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

சின்னசேலத்தில் இறங்கும் முன் அந்த அம்மாள் சாவியை எடுத்துக் கணவர் கையில் வைத்தார். “பேரப்புள்ள காதுகுத்துக்கு வாடக கம்மி பண்ணச் சொல்லுங்க.”

“பண்ண மாட்டானுங்க. நான் பழக்கினவனுங்க.”

எனக்குக் கூடுதல் டிக்கெட் ஏழு ரூபாய், திரும்பி வர ஏழு. ஆகப் பதினான்கு ரூபாய்.