பச்சை மெழுகு

குளிர்காலத்தில் எல்லாத் திராட்சைக் குச்சிகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இலை கிடையாது, பழம் கிடையாது. முப்பது வருஷம் ஒட்டுக்கட்டிய எனக்கே சமயத்தில் சந்தேகம் வரும். அதனால்தான் எங்கள் நாற்றுப்பண்ணையில் மெழுகை நம்பினோம். ஒட்டு வைத்த இடம் உலராமல் இருக்க உருகிய மெழுகில் முக்கி எடுப்போம். மெர்லோ ரகத்துக்குப் பச்சை மெழுகு, கார்மனேர் ரகத்துக்குச் சிவப்பு. சீட்டு கட்டினால் நனைந்து கிழிந்துவிடும், மெழுகு பொய் சொல்லாது என்பார் முதலாளி.

ஆய்வுக்கூடத்திலிருந்து இலையோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்.

இரண்டுமே சிவப்பு வைனுக்கான கருந்திராட்சைதான். கொத்தைப் பார்த்தால் அக்கா தங்கை என்று சொல்லலாம். ஆனால் மெர்லோ சீக்கிரம் பழுத்துவிடும். கார்மனேருக்கு அதற்குமேல் மூன்று நான்கு வாரம் வெயில் வேண்டும். வெப்பமான இடத்தில் அது ராணி. குளிர்ந்த இடத்தில் தோல் மட்டும் கறுக்கும், உள்ளே காயாகவே நிற்கும். பிழிந்தால் பச்சை மிளகாய் வாசனை அடிக்கும்.

எங்கள் அம்மா இறந்துபோனபோது தங்கச்சிக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன். பிறகு பண்ணையில் ஒரே மேசையில் பதினோரு வருஷம். நான் குச்சியை வெட்டுவேன், அவள் பொருத்துவாள். முப்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் வைத்த பெயர் ‘வானிலை’. தினமும் மூன்று வேளை வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிற மனிதர். வேலையை விட்டுப் போன அன்று தங்கச்சி எல்லார் முன்னாலும் சொன்னாள்:

“அப்பாடா, இனிமே உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிழவியாக வேணாம்க்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது விளையாட்டுப் பேச்சு.

அவர்கள் மேட்டில் ஒரு சரிவு நிலம் வாங்கினார்கள். இருந்ததெல்லாம் அதில் போனது. “முன்ன இங்க எந்தக் கருந்திராட்சையும் பழுக்காதுக்கா,” என்று ஏழு வருஷ நோட்டுகளை என் முன்னால் விரித்தார் வானிலை. “இப்போ குளிர் கொஞ்சம் விட்டுக்குடுக்குது. மெர்லோ மட்டும் தப்பிக்கும். ஒரு வாரம் கூடுதலா கேக்குற ரகம்னா அவ்வளவுதான், நாங்க தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்.”

அவர் கணக்கு சரி. அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இல்லை.

இரண்டாயிரம் மெர்லோ கேட்டார். இரண்டாயிரம் கார்மனேரைப் பச்சை மெழுகில் முக்கினேன். நாலு நாள் வேலை. மூன்று வருஷம் பார்ப்பார்கள், பழுக்காது, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத வழி.

மூன்றாம் வருஷம் சுற்றுவட்டாரத்தில் அறுவடை முடிந்தபோது அவர்களுடையது மட்டும் கல்லாக நின்றது. இலையெல்லாம் சிவந்தது. “மெர்லோ இலை மஞ்சளாத்தானேக்கா ஆகும்?” என்றார். “குளிருக்குச் சிவக்கும் தம்பி. பொறுத்தார் பூமி ஆள்வார்,” என்றேன். தங்கச்சி ஒரு பழத்தைக் கடித்துத் துப்பினாள். “வைனை விடுக்கா, ஊறுகா போட்டுடலாம்,” என்றாள். அவள் சிரித்ததைக் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

நாலாம் வருஷம்தான் எனக்குச் சோதனை. வெயில் நீண்டுகொண்டே போனது. “பழத்துல சக்கரை ஏறுதுக்கா, இந்தத் தடவ வந்துடும்,” என்று அவர் போன் செய்தார். மறுநாளே மேட்டுக்குப் போனேன். அப்படிப்பட்ட வருஷத்தில் கொத்தை மறைக்கும் இலையைக் கிள்ளவேண்டும், பாதிக் கொத்தை வெட்டிப் போடவேண்டும், மீதி பழுத்துவிடும். நான் சொன்னது வேறு. “இலைய தொடாதீங்க தம்பி, பழம் வெந்துபோகும். வெச்ச காய வெட்டாதீங்க, பாவம்.” முப்பது வருஷக் கை சொன்னால் யார் மறுப்பார்கள்? பழுக்க ஒரு வாரம் இருக்கும்போது உறைபனி விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் வெப்பமானியைப் பார்க்கவில்லை. நோட்டுகளை அடுப்பில் போட்டார். “நான் அளந்ததுதான் தப்பு போலக்கா,” என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். தங்கச்சி வீடு திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

செடிகளைப் பிடுங்க டிராக்டரை அவரே ஓட்டினார். சரிவு செங்குத்து. கடைசி வரிசைக்கு முந்தினதில் வண்டி கவிழ்ந்தது. மதியச் சாப்பாட்டோடு ஏறிப்போன தங்கச்சிதான் முதலில் பார்த்தாள். உயிர் இருந்ததாம், ஆள் கூட்டிவரும்வரை. விபத்து என்று எழுதினார்கள். விபத்துதான் அது.

பிடுங்காமல் விட்ட அந்த ஒரு வரிசை சிவந்து நின்றதைத்தான் நீங்கள் சாலையிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். பறித்துப்போன இலையே ரகத்தைச் சொல்லிவிட்டது. நல்ல கண் உங்களுக்கு.

தங்கச்சி இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு குறைந்துவிட்டது. தட்டில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் சாப்பிடுகிறாள். தலை நான்தான் வாருகிறேன். சில நாள் கேட்பாள், “அவரு எங்கக்கா தப்பு பண்ணாரு?” என்று. “அவரு ஒண்ணும் பண்ணலடி, அந்த மண்ணு ராசியில்ல,” என்பேன். அதைக் கேட்டால் தூங்குகிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் செடிக்கும் மெழுகை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். இலையைக் கிள்ளவிடாமல் தடுத்ததும் நானே. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அம்மா. பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். இது அவள் காதுக்குப் போகவேண்டாம், தாங்கமாட்டாள். பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?