கூட்டுப் பந்தியில் கட்டிய கணினி

பேசுகிறவர் நேரத்தைத் தாண்டினால் மணியைத் தட்டிவிடுவேன் என்று மிரட்டிவிட்டு, இதுவரை ஒருவருக்கும் தட்ட மனம் வராமல் அமர்ந்திருக்கும் தலைவர், தாயுள்ளம் கொண்ட சௌந்தரராஜன் ஐயா அவர்களே! அழைப்பிதழ் அச்சடிப்பதிலிருந்து அப்பளம் பொரிப்பதுவரை அத்தனையையும் தோளில் சுமக்கும் நம் மல்காஜ்கிரி முத்தமிழ் மன்றத்தின் செயலாளர், என் அன்பு அக்கா வசந்தகுமாரி அவர்களே! வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் வேர்விட்டு, தெருவில் தெலுங்கும் தக்கினி உருதுவும் பேசினாலும் வீட்டுக்குள் தமிழை வளர்த்துவரும் பெரியோர்களே! நேற்று ரயிலேறி வந்து கொண்டாப்பூரிலும் குகட்பள்ளியிலும் கூடு கட்டியிருக்கும் இளையோர்களே! சமைத்து முடித்து, பிள்ளைகளுக்கு வேடமும் கட்டிவிட்டு, களைப்பே தெரியாமல் முன்வரிசையில் கம்பீரமாய் வீற்றிருக்கும் தாய்மார்களே! தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்லும் செல்லக் குழந்தைகளே! உங்கள் அனைவருக்கும் குகட்பள்ளி சுபாஸ்ரீயின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

நாற்காலி போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன் ஐயா. கையில் ஊன்றுகோல் இருக்கிறதே, உட்கார்ந்து பேசட்டும் என்ற கனிவு புரிகிறது. ஆனால் மைக்கைக் கண்ட திருநெல்வேலிக்காரி உட்காருவாளா? நிற்கிறேன். நின்றுதான் நன்றி சொல்ல வேண்டும்.

எனக்குத் தரப்பட்டது நன்றியுரை. பந்தல் போட்டவருக்கும் மைக் கட்டியவருக்கும் நன்றி சொல்வது மரபு. அவர்களுக்கு என் நன்றி. மற்ற நேரத்தையெல்லாம் ஒரு கணினிக்காகக் கேட்கிறேன். ஆம், கணினிக்காகத்தான்! ஏன் சிரிக்கிறீர்கள்? கதை தெரிந்தவர்கள்தானே சிரிக்கிறீர்கள்? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

என் தொழில், இன்னும் எழும்பாத கட்டடத்தை எழும்பியதுபோல் திரையில் காட்டுவது. அஸ்திவாரம் போடும் முன்பே அந்த வீட்டின் ஜன்னலில் வெயில் விழுவதை நான் காட்டுவேன். கொண்டாப்பூரில் ஓர் அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. கால் சேருவதற்குள் வேலை போயிற்று. நாங்கள் குடியிருப்பதோ மூன்றாம் மாடி; லிஃப்ட் கிடையாது. என் கணவர் சரத் வேலைக்குப் போய்விட்டால் நான் அந்த மாடியில் தனிச்சிறையில்! லிஃப்ட் உள்ள வீட்டுக்கு மாற ஒருவர் சம்பளம் போதாது. ஆகவே முடிவு செய்தோம், நான் பாளையங்கோட்டைக்கு அம்மா வீட்டுக்கு, அவர் இங்கே தனியாக. கல்யாணமாகி ஒரே ஊரில் வாழத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? அந்த வாழ்வே பிரியப் போகிறதே என்று நான் குமுறாத நாளில்லை.

அப்போது ஒரு வெளிநாட்டு நிறுவனம் கை நீட்டியது. ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் உருவத்தைச் செய்து அனுப்பு, பிடித்தால் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை என்றார்கள். திங்கட்கிழமை காலை கெடு. மனம் துள்ளியது, மடிக்கணினி துள்ளவில்லை. படம் பாதி வரும்போது கொதித்துக் கொதித்து அணைந்துவிடும். ஈரத்துணி போட்டுப் பார்த்தேன். என்னைப் பார்க்க வந்த வசந்தகுமாரி அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? ஏண்டி, மன்றம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்றார். மன்றத்துக்கு ஒரு நல்ல கணினி, முதலில் அது என் கைக்கு என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது.

எழுந்ததா? எழுந்த பேச்சு பட்டிமன்றமாகிவிட்டது! ஆயத்தமாய் விற்பதை வாங்குவதா, நாமே கட்டுவதா?

வாங்கும் கட்சிக்குத் தலைவர் முகமது யூசுப் அண்ணன். வாணியம்பாடிக்காரர், வங்கி அதிகாரி, எதையும் கையெழுத்தில்லாமல் நம்பாதவர். "ரெடிமேடா வாங்கிடலாம். சுவிட்சைப் போட்டா ஓடணும். ஓடலைன்னா வாரண்டி இருக்கு, கடைக்காரன் பதில் சொல்லுவான். நாம கட்டி ஓடலைன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

கட்டும் கட்சிக்குத் தலைவர் சாரங்கபாணி அண்ணன். நான்கு தலைமுறையாய் செகந்திராபாத். "நக்கோ பாய், வேணாம், நக்கோ! டப்பாக்குள்ள அவன் என்ன போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பொண்ணுக்கு வேண்டியது படம் வரையற மிஷின். அதுக்கு ஏத்த மாதிரி நாமளே கட்டுவோம். எதுக்கு பயப்படுறீங்க? எங்க பசங்க வீட்ல எல்லா பார்ட்டும் கிடக்கு!"

கட்டும் கட்சி வென்றது. எப்படி வென்றது தெரியுமா? நம் மன்றத்தின் கூட்டுப் பந்தியால் வென்றது! பொங்கல்தோறும் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வருகிறோமே, அதைப்போல வீட்டுக்கு ஓர் உறுப்பு கொண்டு வந்தால் கணினி தயார் என்று யாரோ சொல்ல, கைதட்டல் கூரையைப் பிளந்தது. அங்கேதான், அவையோரே, அங்கேதான் வந்தது வினை! நம் பந்தியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டல்லவா? அடுத்த வீட்டார் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக் குறைவு. போன பொங்கலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் பாயசமே வந்து, ரசம் கொண்டுவர ஆளில்லாமல் போனதே, மறந்துவிட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. இதே கூடம். இதே மேசை. வாழையிலைக்குப் பதில் வெள்ளைத் துணி விரித்து சாரங்கபாணி அண்ணனின் துணைவியார், அண்ணி தங்கம் அவர்கள் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராய் வந்தீர்கள். ஒருவர் மதர்போர்டு. ஒருவர் அதற்கேற்ற பிராசசர். இளைஞர் அணி சேர்ந்து நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. கண்ணாடிப் பக்கமும் வானவில் விளக்குமாய் ஒரு கேபினெட். கீபோர்டு மட்டும் மேசை கொள்ளாமல்! ஒவ்வொன்றும் வைக்கப்படும்போது நான் கைகூப்பினேன். யார் பெற்ற பெண்ணுக்கு யார் கொண்டு வந்து குவிக்கிறார்கள்?

சாரங்கபாணி அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். தங்கம் அண்ணி டார்ச் அடித்தார். "பட்டுப் புடவையோட கிட்ட வராதே, மிஷினுக்கு ஷாக் அடிக்கும்" என்றார் அண்ணன். "இத்தனை வருஷமா உங்களுக்கு அடிக்காததா அதுக்கு அடிச்சிடப் போவுது?" என்றார் அண்ணி. அண்ணி, கோபிக்காதீர்கள், ஊருக்கே தெரிந்த கதைதானே!

எல்லாம் பூட்டியாயிற்று. கடைசியில் அண்ணன் துணிக்கடியில் தேடினார். பைக்குள் தேடினார். மேசைக்கடியில் தேடினார். "பவர் சப்ளை யாரு கொண்டாந்தது?" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மின்சாரத்தை வாங்கி எல்லா உறுப்புக்கும் பங்கிட்டுத் தருகிற அந்தப் பெட்டி, அது கேபினெட்டோடு வந்துவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறீர்கள். கேபினெட் கொடுத்தவரோ அதை வேறு யாராவது கொண்டு வருவார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒருவரையொருவர் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். கேட்பதுதான் மரியாதைக் குறைவாயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த கடையெல்லாம் அடைப்பு. போன் மேல் போன் போட்டீர்கள். திறந்திருந்த ஒரே கடையில் இருந்தது சின்னது; அந்த கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்காது. மறுநாள் காலை கெடு. படம் முழுதாய் வெளிவரவே ஒரு பகல் வேண்டும். என் கண்முன்னே பாளையங்கோட்டை தெரிந்தது. சரத் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாருடைய கண்ணும் யூசுப் அண்ணனைத் தேடியது. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா, இல்லையா? உண்டு! சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொல்லவில்லை. எழுந்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். "பாய் கோவிச்சுக்கிட்டாரு" என்று சாரங்கபாணி அண்ணன் தலையில் கை வைத்தார்.

போனவர் திரும்பி வந்தார். இரு கையிலும் தன் வீட்டுக் கணினியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் கட்டி, பூட்டி, வாரண்டி சீல் ஒட்டிக் கொடுத்த கணினி. அதை அப்படியே எனக்குக் கொடுக்கலாம் என்றால், அது என் வேலைக்குத் தாங்காது. நம் உறுப்புகளும் அதற்குள் பொருந்தாது. ஆனால் அதன் பவர் சப்ளை பெரியது. "அண்ணே, சீல் கிழிஞ்சா வாரண்டி போயிரும்லா, வேண்டாம்ணே!" என்று நான் கத்தினேன். வாரண்டி, வாரண்டி என்று இந்தக் கூடத்திலேயே வாதாடிய மனிதர் அவர். பையிலிருந்து சாவியை எடுத்தார். அந்த சீலை ஒரே கீறலில் கிழித்தார். "போனா போவுதும்மா. நீ இந்த ஊரை விட்டுப் போயிடாதே" என்றார்.

கைதட்டுங்கள்! இன்னும் தட்டுங்கள்! யூசுப் அண்ணே, தலையைக் குனியாதீர்கள், இந்தத் தட்டல் உங்களுக்குச் சேர வேண்டியது!

அதன் பவர் சப்ளையைக் கழற்றி நம் கேபினெட்டில் பூட்டி, சுவிட்சைப் போட்டோம். வானவில் விளக்கு எரிந்தது. சாரங்கபாணி அண்ணன் யூசுப் அண்ணனைக் கட்டிப்பிடித்து, "ஹவ் பாய், ஆமா, நீங்க சொன்னதுதான் சரி" என்றார். "இல்ல, ஓடுதே, நீங்க சொன்னதுதான் சரி" என்றார் அவர். அடுத்த பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடுமோ என்று அஞ்சி வசந்தகுமாரி அக்கா காபி கொடுத்து அடக்கினார். நான் இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். கெடுவுக்குள் அனுப்பினேன்.

கட்டுவதா, வாங்குவதா? என் தீர்ப்பைக் கேட்கிறீர்கள். அவசரமா, கூட ஆளில்லையா, யோசிக்காமல் வாங்குங்கள். நேரமும் நாலு பேரும் இருந்தால் கட்டுங்கள். கட்டுகிறவர்கள் மட்டும், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யார் எதைக் கொண்டு வருகிறீர்கள் என்று வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்!

யாருக்கு நான் நன்றி சொல்வேன்? வெயிலில் வந்து கொடுத்தவர்களுக்கா? விரல் கிழியக் கட்டியவருக்கா? தோற்ற கட்சியில் இருந்துகொண்டு வென்ற கட்சியைக் காப்பாற்றியவருக்கா? இந்த ஊரில் எனக்குச் சொந்தம் இல்லை என்று நினைத்தேனே, அந்த நினைப்பைச் சுக்குநூறாக்கிய உங்கள் ஒவ்வொருவருக்கும் அல்லவா சொல்ல வேண்டும்! வேலை கிடைத்தாலும் நன்றி, கிடைக்காவிட்டாலும் நன்றி என்று சொல்லத்தான் இன்று மேடைக்கு வந்தேன்.

என்ன ஆயிற்று, பதில் வந்ததா என்று வாசலிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சற்று முன் பிள்ளைகள் கோலாட்டம் ஆடும்போது எனக்கு ஒரு போன் வந்தது. வெளியே போய்ப் பேசினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய என்னைப் பார்த்து வசந்தகுமாரி அக்கா முதுகைத் தடவி, "விடுடி, இன்னொண்ணு வரும்" என்றார்.

அக்கா! இன்னொண்ணு வேண்டாம் அக்கா. இதுவே கிடைச்சிட்டு!

ஏங்க, என்ன எந்திரிச்சிட்டிய? ஆமா, நெசந்தான். நான் எங்கேயும் போகல!

தலைவர் ஐயா, இப்போது தாராளமாய் மணியைத் தட்டுங்கள். இந்த ஊரில் என்னை இருக்க வைத்த இந்த மன்றத்துக்கு, இந்த மண்ணுக்கு, உங்கள் எல்லாருக்கும் என் ஆயுள் முழுதுக்குமான நன்றி. வணக்கம்!