கிணற்றடியில் டொக்டர்

எங்கள் வளவில் சிக்னல் ஒழுங்காகப் பிடிப்பது கிணற்றடியில் மட்டும்தான், டொக்டர். வீட்டுக்குள் வைத்துக் கதைத்தால் உங்கள் முகம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் என் மனைவி பத்மாவதியைக் கதிரை போட்டு அங்கே இருத்தினேன். பின்னால் தெரிந்த வாழைகளைப் பார்த்துவிட்டு, "நல்ல குளிர்ச்சியான இடம், ஐயா" என்றுகூட ஒருதரம் சொன்னீர்கள். அவை கதலி வாழைகள். நீர்வேலி மண்ணுக்கு அவை நன்றாக வரும்.

தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிவிடும். பருத்தித்துறைக்குப் போகிற வழியில், போனில் மட்டும் கண்ட ஒரு நோயாளியை நேரில் பார்க்கலாமென்று இறங்கியிருக்கிறீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லத்தான் போகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் மகள் கஜானி கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது தாயைக் கூப்பிட்டாள். விசாவும் வந்துவிட்டது. பத்மாவதி மிளகாய் வறுத்து இடிப்பித்தாள், சரக்கு திரித்தாள், ஒடியல் மா கட்டினாள். வீடு முழுக்க ஒரே வாசம். அவ்வளவு உசாராக அவளை நான் கன காலம் கண்டதில்லை.

"ஆறு மாசம்தானே அப்பா, கண்ணை மூடி முழிக்கிறதுக்கிடையிலை வந்திடுவன்" என்றாள்.

நான் மறிக்கவில்லை. ஒரு வார்த்தை எதிராகச் சொல்லியிருப்பேனா என்று ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் பக்கத்து வளவுச் செல்வநாயகியும் ஆறு மாதத்துக்கென்றுதான் லண்டனுக்குப் போனா. பிறகு மகளுக்கு இரண்டாவது பிள்ளை, பிறகு மருமகனுக்குச் சுகமில்லை. அவவின் புருஷன் இராசநாயகம் அண்ணை கடையில் சோற்றுப் பார்சல் எடுத்துத் தின்று தின்று, ஒருநாள் குசினிக்குள் விழுந்து கிடந்தார். மற்ற நாள் பால்காரன்தான் கண்டான். பிரேதத்தைத் தூக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எனக்குப் பயம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பயணத்துக்கு முன் பிரசரைக் காட்டிவிடச் சொல்லி உங்களிடம் வீடியோவில் நேரம் எடுத்துத் தந்தவளும் கஜானிதான். அன்று பத்மாவதியின் காது மிசினில் பற்றறி உண்மையாகவே இறங்கிப்போயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் என் கை இல்லை. நீங்கள், "அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டீர்கள்.

"ஓம் டொக்டர்" என்றாள்.

அவள் அப்படித்தான். படித்த ஆட்களிடம், "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்பது அவளுக்கு மரியாதைக்கேடு. பள்ளிக்கூடத்து வாத்தியாரென்றாலும் கோயில் ஐயரென்றாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் தலையை ஆட்டி ஓம் என்பாள். எங்கடை பெண்கள் கனபேர் அப்படி. உங்கள் முகம் மாறியது. "எத்தினை பிள்ளையள் அம்மா?" என்றீர்கள். அதற்கும் சிரித்துக்கொண்டு ஓம். பிறகு என்னைக் கேட்டீர்கள்.

"அம்மாவுக்கு மறதி ஏதும் இருக்கோ, ஐயா?"

காதுதான் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "கொஞ்சம் இருக்கு" என்று வந்தது. அது பொய்யுமில்லை. இந்த வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை?

அதற்குப் பிறகு நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, நடந்ததை நடக்க விட்டேன். புதுப் பற்றறி வாங்கி வந்தேன். ஆனால் போடவில்லை. ரவுண் கடை ஒன்றிலும் இல்லையாம் என்று அவள் காதுக்குள் கத்திச் சொன்னேன், நம்பினாள். வெறும் மிசினை மட்டும் ஒவ்வொரு நாளும் நானே காதில் மாட்டிவிட்டேன். மிசின் காதில் இருந்தால் கேட்கும் என்றுதானே எல்லோரும் நினைப்பீர்கள்.

நேரில் கூட்டிவரச் சொன்னீர்கள். சனத்தைக் கண்டால் பயந்து பதகளிக்கிறாள் என்றேன். தனியாகப் பிளேன் ஏறக்கூடாது என்று நீங்கள் சொன்னதைக் கஜானிக்கு நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்தான் சொன்னேன். அவள் விடவில்லை. தங்கள் டொக்டரிடம் வீடியோவில் காட்டலாமென்று ஓடித் திரிந்தாள். தன் மாகாணத்துக்கு வெளியில் இருப்பவர்களைப் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை, இருக்கிற இடத்து டொக்டரிடமே காட்டுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். நல்ல சட்டம்தான்.

பிறகு தாயோடு கதைக்க வேண்டுமென்றாள். பிள்ளைத்தாச்சிக்குப் பற்றறிக் கதை சொல்லிக் கவலைப்படுத்தாதையும் என்று பத்மாவதியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். போனை நான்தான் பிடித்தேன்.

"அம்மா, நான் ஆர் எண்டு சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம்."

கஜானி வாய்விட்டு அழுதாள். பத்மாவதி திகைத்துப்போய் என் கையைப் பிடித்தாள்.

"ஏனப்பா பிள்ளை அழுறாள்?"

"பிள்ளைப்பேறு கிட்டுது, பயப்பிடுறாள்" என்று காதுக்குள் சொன்னேன். "ஐயோ, என்ரை குஞ்சு" என்றாள். தான் எப்போது போவது என்றும் கேட்டாள். பிரசர் இறங்கட்டாம் என்றேன். பேரன் பிறந்தான். படத்தைக் காட்டினேன். போனை அவள் திருப்பித் தரக் கன நேரம் எடுத்தது.

மறதிக்கென்று நீங்கள் தந்த குளிசையை நேரம் தவறாமல் கொடுத்தேன். அதற்குப் பிறகு பகலிலும் நித்திரை கொள்ளத் தொடங்கினாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கருக விட்டாள். கிணற்றடிக்குப் போய், ஏன் வந்தேன் என்று தெரியாமல் நின்றாள். பார்த்தீர்களா, டொக்டர் முதலே சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறா என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அம்மா வெளிக்கிட்டுப் போய்விடுவா, கேற்றைப் பூட்டி வையுங்கோ என்றீர்கள். பூட்டினேன். திறப்பு என்னிடம். பின்னேரங்களில் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு றோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் தள்ளி நிற்பேன்.

ஒருநாள் உங்களோடு கதைத்து முடிந்ததும், "டொக்டர் என்னப்பா கேட்டவ?" என்றாள்.

"சுகமோ எண்டு கேட்டவ."

"அப்ப நான் சரியாத்தானே சொன்னனான்?"

"சரியாத்தான் சொன்னனீர்" என்றேன்.

இன்று நீங்கள் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். காதிலிருந்து மிசினைக் கழற்றித் திறந்து பார்த்துவிட்டு, இதற்குள் இருந்ததை எடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். புதுப் பற்றறி இந்தச் சட்டைப்பைக்குள்தான் இருக்கிறது, பெட்டிகூட உடைக்கவில்லை. இந்தாருங்கள்.

ஆனால் போடுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நான் அவளை வருத்தியதாக நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு நான்தான் குழைத்துக் கொடுக்கிறேன், தலை நான்தான் சீப்பால் இழுத்துவிடுகிறேன். காலையில் அப்படித் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். காதுக்குள் கத்தவில்லை, இப்போது உங்களோடு கதைக்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டேன். "பத்மா, என்னோடை இஞ்சை இருக்கிறதுதானே உமக்குச் சந்தோசம்?"

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "ஓம்" என்றாள்.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே கேட்டுப் பாருங்கள், டொக்டர். பற்றறியைப் போடாமல் கேளுங்கள்.